மூன்றாவது கசிவு

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் விடுவது கிறுக்குத்தனம் என்று முதலில் சொன்னவள் என் மனைவிதான். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தும் விட்டேன். கல்யாணமான ஆண்கள் செய்கிற பாதித் தப்புகளுக்கு இதுதான் கதைச்சுருக்கம். வேண்டுமானால் இதையே முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

அவள் படுத்திருக்கிற அந்த அறைக் கதவைச் சாத்த வேண்டாம். காற்று வரட்டும். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்தான், கேட்டாலும் பரவாயில்லை. நான் சொல்லப்போவதில் அவளுக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

வீட்டோடு கிடக்கிற நோயாளிகளைக் குடும்பத்தார் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று விசாரிப்பது உங்கள் வேலை. என் மச்சினி கொடுத்த புகார் உங்கள் கோப்பில் இருக்கிறது. நீங்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்: அவளுடைய கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் எப்படிப் போனது. ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஒரே வரியில் சொன்னால் நீங்கள் என்னை வேறு மாதிரி ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன். அவள் கணக்கு டீச்சர். ஒருநாள் வகுப்பில் சாக்பீஸ் கையை விட்டு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. 'உன் கணக்கு அதுக்கே தாங்கல போல' என்று நான் கிண்டல் செய்தேன். ஒரு மாதம் கழித்து டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும் என்றார். கை, கால், பிறகு நாக்கு. "மனசு மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும்" என்றார். அதை ஆறுதல் என்று நினைத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

நாக்கு போவதற்கு முன் அவள் குரலைச் சேமித்து வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். துணி அலமாரிக்குள் அவளை உட்காரவைத்தேன். சுற்றிலும் புடவைகள் தொங்கினால் எதிரொலி வராது. மடியில் மைக். மூன்று மாதத்தில் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள் படித்தாள். 'நாளைக்கு மழை வரலாம்.' 'எனக்கு ரெண்டு வேண்டாம், ஒண்ணு போதும்.' நடுநடுவே நான் அலமாரிக் கதவைத் தட்டி, "உள்ளே யாருங்க, திருடனா?" என்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் பதிவானது. அதில் நல்லதாக ஒன்றை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் கட்டிலுக்கு எதிரே இயந்திரத்தை வைத்தேன். திரைக்குக் கீழே ஒரு கேமரா, அவள் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கும். ஓர் எழுத்தை ஒரு விநாடி பார்த்தால் அந்த எழுத்து விழும். எழுத்துச் சேர்ந்து சொல்லாகி, சொல் அவள் குரலிலேயே வெளியே வரும். அவசரத்துக்குச் சில பொத்தான்களும் திரையில் வைத்தேன். 'தண்ணி', 'வலிக்குது', 'திருப்பிப் போடுங்க', 'சிஸ்டரைக் கூப்பிடுங்க'. ஓரத்தில் 'சிரிப்பு' என்று ஒன்று. நான் ஏதாவது ஜோக் அடித்தால் அவள் அதைப் பார்ப்பாள், அலமாரிச் சிரிப்பு கேட்கும். இந்தப் பொத்தான் முழுக்க என் யோசனை. வேறு எந்த வீட்டிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்கல் ஃபேனில் வந்தது. குரலை உண்டாக்குகிற அந்த இயந்திரம் சூடேறிக்கொண்டே இருக்கும். உள்ளே நாலு ஃபேன்கள் காலையிலிருந்து இரைந்துகொண்டிருக்கும்.

"காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குங்க" என்றாள் ஒருநாள். "நீங்க எந்திரிச்சு வெளிய போயிடறீங்க. நான் இதையே கேட்டுட்டுக் கிடக்கணும்."

"ஃபேனை எடுத்துட்டுத் தண்ணி வச்சு ஆத்திடலாம்மா."

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா? கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"பிடிச்சுப் பதினாலு வருஷம் ஆச்சு. கல்யாணப் பத்திரிகை வேணா எடுத்துக் காட்டவா?"

சிரிப்புப் பொத்தான் கேட்டது. அப்போதெல்லாம் கேட்கும்.

அமைப்பு எளிமையானது. ஒரு சின்னத் தொட்டி, ஒரு பம்ப், குழாய்கள். சூடாகிற சிப்பின் தலைமேல் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் இருக்கிற ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பி வரும். குழாய் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு நட்டு, அதற்குள் ஒரு ரப்பர் வளையம். கசிவதென்றால் அங்கேதான் கசியும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று தண்ணீரில் நிறம் கலப்பது வழக்கம். நீலம் வேண்டும் என்றாள். பெட்டியின் பக்கச்சுவர் கண்ணாடி. படுத்தபடியே நீலத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. எல்லாம் பூட்டியதும் ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து, வேறு எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு முழு நாள் ஓட விட வேண்டும். பேப்பரில் ஒரு நீலப் பொட்டுகூட விழக் கூடாது. விழவில்லை. நான் ஒழுங்காகத்தான் செய்தேன். செய்த தப்பு வேறு. நட்டைக் கையால் இறுக்கினால் போதும், கருவி போட்டு இறுக்கினால் வளையம் நசுங்கிப் பின்னால் காலை வாரும். இது கற்றுக்குட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இது அவளுடைய இயந்திரம் ஆயிற்றே என்று எல்லா நட்டையும் இன்னொரு கால் சுற்று இறுக்கினேன். பாசம்தான்.

நாலு மாதம் கழித்து முதல் கசிவு. அது விபத்து. அதற்கு நான் பொறுப்பில்லை, அல்லது கால் சுற்றுக்கு மட்டும் பொறுப்பு. காலையில் துடைக்கும்போது அடித்தட்டில் நீலமாக ஒரு குட்டை. உடனே நிறுத்திவிட்டேன். பயப்படும்படி ஒன்றும் ஆகவில்லை. நான் ஊற்றியிருந்தது வடித்த சுத்தத் தண்ணீர். அதில் கரண்ட் லேசில் பாயாது. உலர்த்தினால் போர்டு பிழைத்துக்கொள்ளும். புது வளையங்கள் வர ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் தாளில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக எழுதினேன். எங்கள் முகங்களுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொள்வேன். அவள் ஓர் எழுத்தைப் பார்ப்பாள், நான் எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் கண்ணைப் பார்த்து எழுத்தைச் சொல்வேன். நம் எழுத்துகள் என்ன ஒன்றா இரண்டா. ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஒரு துணி காய்ந்துவிடும். அதனால் இரண்டு எழுத்து வந்ததுமே நான் சொல்லை ஊகித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் அவள் திரும்ப ஆரம்பிப்பாள், அல்லது அலுத்துப்போய் விட்டுவிடுவாள்.

மேடம், அவளைப் பார்த்துக்கொள்கிற இந்த ஆறு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. நாள் முழுக்க அவள் என் முகத்தையே பார்த்தாள். யார் வந்தாலும் என்னிடம்தான் கேட்டார்கள். "என்ன சொல்றாங்க?" என்று காலையில் வருகிற சிஸ்டர் கேட்பார். நான் சொல்வேன். கூடவே ஒரு ஜோக்கும் சேர்த்து அவள் சொன்னதாகச் சொல்வேன். சிஸ்டர் சிரிப்பார். "இந்த நிலைமையிலும் எவ்வளவு தமாஷா பேசறாங்க பாருங்க" என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் மச்சினி வந்தாள். என் மனைவியின் தங்கை, பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். யார் வாயைத் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்கிற சுபாவம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டாள். "அக்கா, கீழ் ரூமைக் காலி பண்ணிட்டேன். என்கூட வந்துடறியா?"

நான் தாளைப் பிடித்தேன். என் மனைவி இரண்டு எழுத்துப் பார்த்தாள். நான் சொன்னேன், "வரலையாம்."

"முடிக்கவே இல்லையே மாமா, இன்னும் பாத்துட்டுத்தானே இருக்கா?"

"பதினாலு வருஷமா பாக்கறேன்மா. உங்கக்கா ஆரம்பிச்சா போதும், நான் முடிச்சுடுவேன்."

"நான் அக்காகிட்ட கேட்டேன். உங்ககிட்ட இல்ல."

"இப்போ உங்கக்காவோட வாய் நான்தானேம்மா."

"அப்ப வாய் வாயா மட்டும் இருக்கட்டும் மாமா. மூளையாவும் இருக்க வேண்டாம்."

பேசத் தெரிந்த பெண். நான் சிரித்துவிட்டேன். என் மனைவி கண்ணை எடுக்காமல் தாளிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை மடக்கி வைத்தேன். அவள் களைப்பாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

பத்தாம் நாள் இயந்திரம் ஓடியது. முதலில் அவள் சொன்னது நன்றி அல்ல. "அன்னைக்கு நான் வரேன்னு சொல்ல வந்தேன்."

"அப்படியா? எனக்கு வேற மாதிரி பட்டுச்சும்மா."

"உங்களுக்கு அப்படித்தான் படும்."

அவள் குரலில் கோபம் இல்லை. அலமாரியில் உட்கார்ந்து கோபமாக எதையும் படிக்கச் சொல்லியிருக்கவில்லை நான். எல்லாவற்றையும் 'நாளைக்கு மழை வரலாம்' என்கிற மாதிரியே சொல்வாள். அதனால் அவள் கோபித்துக்கொண்டாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது கசிவில் நான் எதுவும் செய்யவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எதுவும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சினி பத்து மணிக்கு வருவதாக இருந்தது, அவளிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று என் மனைவி முந்தின நாளே சொல்லியிருந்தாள். காலையில் துடைக்கப் போனேன். பம்புக்குப் பக்கத்து இணைப்பில் ஒரு சொட்டு. முத்து மாதிரி நின்றது. உடனே நிறுத்தி, துடைத்து, நட்டைச் சரிசெய்தால் அரைமணி வேலை. நான் டீ போடப் போனேன். டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பி வந்தபோது திரை அணைந்திருந்தது. பத்து மணிக்கு நான்தான் தாளைப் பிடித்தேன். அவள் தங்கையிடம் பேச நினைத்த விஷயம், படுக்கை விரிப்பை மாற்றுவது பற்றியதாக இருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

அந்த முறையும் போர்டு பிழைத்தது. நாலு நாளில் குரல் வந்துவிட்டது. ஆனால் சிரிப்புப் பொத்தான் அதோடு நின்றுபோனது. பொத்தானில் கோளாறில்லை, சோதித்துப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நான் என் கையிருப்பில் உள்ள நல்ல ஜோக்குகளையெல்லாம் எடுத்துவிட்டேன். கண் திரையின் அந்த ஓரத்துக்குப் போகவே போகாது.

"பிடிக்கலையாம்மா?" என்றேன்.

"கேட்டதுதான்" என்றாள்.

உள்ளதைச் சொல்வதென்றால், அவை எல்லாமே பழையவைதான்.

இப்போது மூன்றாவதற்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் அலுவலகத்திலிருந்து வந்து நோயாளியையே நேரில் கேட்பார்கள் இல்லையா, எப்படி இருக்கிறீர்கள், எங்கே இருக்க விருப்பம் என்று. உங்களுக்கு முன்னால் இருந்த சார் ஒரு வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முந்தின சனியன்று இயந்திரத்தில் இடம் குறைகிறதா என்று பார்த்தபோது, 'பழைய பாடங்கள்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. திறந்தேன். பாடம் இல்லை. அந்த சாருக்கு அவள் எழுதியிருந்த கடிதம். பத்தொன்பது வரி. கண்ணால் எழுத நாலு நாளாவது ஆகியிருக்கும். நான் குளிக்கப் போகும்போதும் மருந்துக்கடைக்குப் போகும்போதும் எழுதியிருக்கிறாள்.

அதில் சிலது எனக்கு மனப்பாடம்.

'என் கணவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சாமான் ஒன்றைத் தூசி படாமல் வைத்திருப்பதுபோல் வைத்திருக்கிறார். நான் பேச ஆரம்பித்தால் அவர் முடித்துவிடுகிறார். சிரிப்பதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார். அவர் ஜோக் சொன்னால் நான் அதைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் வாடிவிடும், அதைப் பார்த்துக்கொண்டு நான் கிடக்க வேண்டும். என்னால் சிரிக்க முடியாமல் போனது நோயால் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். என் தங்கை வீட்டில் பிள்ளைகள் எப்போதும் சண்டை போடும். அந்தச் சத்தத்தில் மிச்ச நாளை இருந்துவிட்டுப் போகிறேன். தயவுசெய்து இதை நான் கேட்டதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.'

நான் கோபப்படவில்லை. கோப்பை மூடிவிட்டு அவளைத் திருப்பிப் படுக்கவைத்தேன். அதற்கான நேரம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆறு வருடமாக. அவள் முதுகை நீங்களே போய்ப் பாருங்கள், மேடம், படுக்கைப்புண்ணின் சிவப்புக்கூட இருக்காது. மச்சினிக்கு மூன்று பிள்ளைகள், வேலை, மாடிப்படி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது அவளுக்கு இரண்டு நாளில் மறந்துவிடும். என் மனைவி புத்திசாலிதான், ஆனால் இந்த ஒரு கணக்கை அவள் போடவில்லை. அவளுக்காக யாராவது போட வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி. சிஸ்டர் வேலை முடித்துப் போய்விட்டார். கட்டிலின் கால்மாட்டில் வெயில் விழுந்திருந்தது. சமையலறையில் ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, நீலம் கலந்து, இரண்டு ஸ்பூன் உப்புப் போட்டேன். பிறகு இன்னொரு ஸ்பூன். எனக்கு உப்பு விஷயத்தில் கை கொஞ்சம் தாராளம். அவள் வாயால் சாப்பிட்ட காலத்தில் முதல் குறையாக அதைத்தான் சொல்வாள். சுத்தத் தண்ணீர் இரண்டு முறை போர்டை விட்டுவைத்தது என்றேனே. உப்புத் தண்ணீர் விடாது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டியிலிருந்து பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டு இதை ஊற்றினேன்.

"என்னங்க பண்றீங்க?"

"தண்ணி கொறஞ்சிருக்கும்மா. ஊத்தறேன்."

"நேத்து நிறைய இருந்துச்சே."

"டீச்சர் இல்லையா, எல்லாத்தையும் கவனிச்சுடுவ."

அவளுடைய குரலும் அவள் எழுதிய எல்லாமும் இருக்கிற மெமரி சிப் போர்டின் நடுவில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஓர் இணைப்பு. அதைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கண்ணாடியை மூடினேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை.

முதல் சொட்டு விழ நாலு நிமிடம் ஆனது. அவள் எதிரே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். "கசியுது" என்றாள்.

"எங்கம்மா?"

"ஆஃப் பண்ணுங்க."

"பாக்கறேன்."

"என்னங்க. ஆஃப் பண்ணுங்க. போயிடும்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரை நிமிடம் ஆகும், தெரியுமா. நான் குறுக்கிடவில்லை. அவளே முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அவள் எழுத்துகளை விட்டுவிட்டுப் பொத்தான்களுக்கு வந்தாள். "சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றாள். சிஸ்டர் இல்லை என்று அவளுக்கே தெரியும். பிறகு "வலிக்குது" என்றாள். நான் எழுந்து காலை மாற்றி வைத்தேன். "வலிக்குது" என்றாள். தலையணையைச் சரிசெய்தேன். "வலிக்குது." கையை மெதுவாகத் தூக்கித் தேய்த்துவிட்டேன், விரல் விரலாக. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன், எந்த இடத்தையும் விடவில்லை. பதினோரு தடவை சொன்னாள். பன்னிரண்டாவது தடவை 'வலி' வரைக்கும் வந்து நின்றுவிட்டது. திரை கறுத்தது. பம்ப் மட்டும் ஓடியது. அதை அப்படியே நாற்பது நிமிடம் ஓட விட்டேன்.

அவள் கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டேன். திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்படி வருவது சகஜம்.

குரலுக்கு ஒரு நகல் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. மச்சினியிடம் ஒரு பென்டிரைவில் கொடுத்து வைத்திருந்தோம். 'புதுசா சில வாக்கியம் சேத்துத் தரேன்மா' என்று அதை நான் திரும்ப வாங்கியிருந்தேன். வாங்கியது எப்போது என்றால், கடிதத்தைப் படிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. தேதி இடிக்கிறதே என்பதுபோல் பார்க்கிறீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். தேதி அப்படித்தான் வருகிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அந்த சார் வந்தார். நல்ல மனிதர். இயந்திரம் ரிப்பேர் என்றதும் ரொம்ப வருத்தப்பட்டார். நான் தாளைப் பிடித்தேன். அவள் கண் தாள் முழுக்க ஓடியது, அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் நிதானமாகப் படித்துச் சொன்னேன். 'எனக்கு இங்கேயே நன்றாக இருக்கிறது.' அவர் எழுதிக்கொண்டார். முதுகைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்று அவளிடம் சொன்னார். அதை நான் கேட்டு வாங்கவில்லை.

பிறகு ஏழு வாரம். பார்ட்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். வேறு இயந்திரம் வாங்கித் தருகிறேன் என்றாள் மச்சினி. என் மனைவியின் குரல் இல்லாத இயந்திரம் அவளுக்கு எதற்கு என்றேன். அந்த வாதம் சரியானது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒருநாள் நான் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில் மச்சினி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நேராக என் பழைய கூட்டாளியிடம். போர்டு டாக்டர் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், பூதக்கண்ணாடி வைத்துச் சிப்பைச் சுரண்டிப் பிழைக்கவைக்கிறவன். அவனே எனக்கு போன் செய்தான்.

"அண்ணே, சிப்புக் காலெல்லாம் பச்சையா அரிச்சுப் போயிருக்கு. சுத்தி வெள்ளையாப் பூத்திருக்கு. இது உப்புண்ணே."

"குழாய்த் தண்ணி கலந்திருக்கும்டா."

"குழாய்த் தண்ணியில இவ்வளவு உப்பு இருந்தா நாமெல்லாம் எப்பவோ கருவாடு ஆகியிருப்போம்." குரலைத் தாழ்த்தினான். "அண்ணே. நீங்கதானே எங்களுக்கு இந்தத் தொழிலையே சொல்லிக் கொடுத்தீங்க."

நான் போனை வைத்துவிட்டேன். அவனிடம் சொல்ல எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

ஆக, தண்ணீர் எப்படிப் போனது என்றால், நான் விட்டேன். உப்புப் போட்டு, நிறம் கலந்து, அவள் கண்முன்னால் விட்டேன். அவள் குரலையும் நான்தான் அழித்தேன். நகலையும் சேர்த்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வயசெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

போன வாரம் நீங்கள் புதுக் கருவி கொண்டுவந்தீர்கள். கேமராவால் அவள் கண்ணைப் பிடிக்க முடியவில்லை. கருவிழி இப்போது ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. ஏழு வாரம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாள் என்று டாக்டர் உங்களிடம் சொன்னதை, தண்ணீர் எடுக்க வந்தபோது நானும் கேட்டேன். இருக்கலாம். எனக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரிந்ததை அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவளைத் தங்கை வீட்டுக்கு மாற்றலாமா என்பதுதான் இனி நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. எடுங்கள். என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவளைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் போனபிறகு மச்சினிதான் ஓர் ஏற்பாடு செய்தாள். ஆமாம் என்றால் மேலே பார்க்க வேண்டும், இல்லை என்றால் கண்ணை மூட வேண்டும். நல்ல ஏற்பாடு. எழுத்துக் கிடையாது, ஊகம் கிடையாது, என் வாயும் தேவையில்லை. மேலே பார்க்க இப்போது அவளால் முடிவதில்லை. இமையும் தானாக இறங்குவதில்லை. தூங்குகிற நேரத்தில் நான்தான் விரலால் மெல்ல மூடி, பிளாஸ்திரிப் பட்டி ஒட்டிவிடுகிறேன். விடிந்ததும் பட்டியை எடுத்துவிட்டு, கண் காயாமல் இருக்க மருந்து விடுகிறேன்.

விட்டதும் முதல் வேலையாக அவளிடம் கேட்பது இதைத்தான். "என்கூடவே இருந்துடறியாம்மா?" கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பத்து நிமிடம்கூடக் காத்திருப்பேன். அவளை முடிக்கவிடுவதில்லை என்று எழுதியிருந்தாளே, அதனால் இப்போதெல்லாம் நான் அவசரப்படுத்துவதே இல்லை.

இன்றுவரை ஒரு தடவைகூட அவள் கண்ணை மூடவில்லை, மேடம்.